பிரஸ் பாக்ஸிலிருந்து இறங்கியவர்களுக்கு

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், குன்றத்தூர் என்று இந்தத் தெற்குப் புறநகரில் குடியிருக்கும், விளையாட்டுப் பக்கத்துக்கு எழுதி ஓய்வு பெற்ற அல்லது ஓய்வை நெருங்கிவிட்ட நண்பர்கள் எல்லோருக்கும் திருமுடிவாக்கத்திலிருந்து வணக்கம்.

உங்களில் சிலரோடு சேப்பாக்கத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். சிலரோடு எழும்பூர் ஹாக்கி மைதானத்தின் வெளியே டீ குடித்திருக்கிறேன். பலரை பைலைன் வழியாக மட்டுமே தெரியும். எல்லோருக்கும் சேர்த்து ஒரே கடிதமாக எழுதுவதற்குக் காரணம், சொல்ல வேண்டியது எல்லோருக்கும் ஒன்றுதான்.

நீங்கள் படம் வரையத் தொடங்க வேண்டும். பேத்தியின் பள்ளிக்கூடம் திறக்கட்டும், கண் ஆபரேஷன் முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் தொடங்க வேண்டும். ஓய்வுக் காலத்துக்கு ஒரு பொழுதுபோக்கு இருக்கட்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் பார்த்து வைத்திருப்பதில் பாதிகூட அச்சில் வரவில்லை. அது உங்களோடு போய்விடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். நானும் அதே வேலை பார்த்து, அந்த வேலை முடிந்த வயதில் பென்சிலைப் பிடித்தவன். எந்த வகுப்புக்கும் போகவில்லை. எனக்குத் தெரிந்தவை எல்லாம் பார்த்தும் அழித்தும் தெரிந்துகொண்டவைதான்.

ஸ்கோரை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நாம் பார்த்துப் பழகியது உடம்பை. சாயங்காலம் மூன்றாவது ஸ்பெல் போட வருகிற வேகப்பந்து வீச்சாளரின் இடது கை, காலையில் எழும்பிய உயரத்துக்கு எழும்பவில்லை என்பதை, பந்தின் வேகம் குறைவதற்கு முன்பே கவனித்தோம். கபடியில் ரெய்டு போகிறவன் மூச்சு முடிகிற நேரத்தில் எந்தக் குதிகாலுக்கு எடையை மாற்றுகிறான் என்று பார்த்தோம். பெனால்டி கார்னருக்குக் காத்திருக்கும் கோல்கீப்பரின் முழங்காலைப் பார்த்தோம். எல்லோரும் போன பிறகு தோற்ற அணியின் பயிற்சியாளர் தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டு குனிந்து நின்றதையும் பார்த்தோம். அதையெல்லாம் ஆளுக்கொரு வரியாக எழுதியும் கொடுத்தோம். ராத்திரி டெஸ்க்கில் விளம்பரம் ஒன்று வந்து உட்காரும்போது முதலில் வெட்டுப்படுகிற வரி அதுவாகத்தான் இருக்கும். ஸ்கோரை வெட்ட முடியாதே.

1850-இல் அலெக்சாண்டர் ஹன்ட்டர் தொடங்கிய ஓவியப் பள்ளிதான் இன்று பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி. இதுபோன்ற கல்லூரிகளில் மாணவர்கள் ஓர் ஆளை எதிரே நிறுத்தி, எடை எந்தக் காலில் இறங்குகிறது, தோள் எந்தப் பக்கம் சாய்கிறது, இடுப்பு அதற்கு எதிராக எப்படித் திரும்புகிறது என்று பார்த்துப் பார்த்து வரைகிறார்கள். அந்தப் பாடத்தில் நீங்கள் வேலைக்காலம் முழுவதும் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்குப் பழகாதது கை மட்டும். அதைப் பழக்க இன்னும் காலம் இருக்கிறது.

நம் தொழிலிலிருந்து இந்தப் பக்கம் வந்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. முதலில் ஒரு படத்தைப் பற்றிச் சொல்கிறேன். அதில் நாமே இருக்கிறோம்.

1923 செப்டம்பர் 14. நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் டெம்ப்சியும் அர்ஜென்டினாவின் லூயிஸ் பிர்போவும் மோதினார்கள். நியூயார்க் ஈவினிங் ஜர்னல் பத்திரிகை அந்தச் சண்டையைப் பார்த்து வரைந்து தரும்படி ஜார்ஜ் பெல்லோஸ் என்ற ஓவியரை அனுப்பியிருந்தது. கல்லூரி நாள்களில் பேஸ்பால் ஆடியவர் அவர். முதல் சுற்றிலேயே டெம்ப்சி பிர்போவைப் பலமுறை கீழே சாய்த்தார். பிறகு பிர்போ விட்ட ஒரு குத்தில் டெம்ப்சி கயிற்றைத் தாண்டி வெளியே பறந்தார். அவர் விழுந்த இடம் பத்திரிகையாளர் வரிசை. டைப்ரைட்டர்களின் மேல் விழுந்தவரை நிருபர்கள் சேர்ந்து தூக்கி மேலே தள்ளினார்கள். இரண்டாவது சுற்றில் டெம்ப்சி ஜெயித்தார்.

ஜெயித்தவர் டெம்ப்சி. ஆனால் மறு ஆண்டு பெல்லோஸ் எண்ணெய் வண்ணத்தில் தீட்டியது, டெம்ப்சி பின்னால் சாய்ந்து நிருபர்கள் மேல் விழுகிற அந்தக் கணத்தை. விட்னி அருங்காட்சியகத்தில் இருக்கிறது அந்தப் படம். சண்டையை அரங்கின் உயரத்திலிருந்து பார்க்காமல், ரிங்கின் ஓரத்தில் தரையோடு உட்கார்ந்து அண்ணாந்து பார்த்திருக்கிறார் பெல்லோஸ். நிருபர் உட்காரும் இடம் அது. விழுகிறவரைத் தாங்கக் கை நீட்டுகிறவரும் விலகிக்கொள்கிறவரும் நம் ஆட்கள். இடது ஓரத்தில் தெரியும் வழுக்கைத் தலை பெல்லோஸே தான் என்றும் சொல்வார்கள். மறுநாள் பத்திரிகைகளில் முடிவு வந்தது. நூறு வருடம் கழித்து அந்தச் சண்டை என்றதும் உலகத்தின் நினைவுக்கு வருவது இந்தப் படம்தான். பெல்லோஸ் பயிற்சி பெற்ற ஓவியர் என்பது உண்மை. ஆனால் எந்த நாற்காலியிலிருந்து பார்க்க வேண்டும் என்பதை எந்தப் பள்ளியும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு நாளிதழின் வேலை சொல்லிக் கொடுத்தது.

இன்னும் நமக்கு நெருக்கமானவர் அயர்லாந்தின் ஜாக் பட்லர் யேட்ஸ். கவிஞர் யேட்ஸின் தம்பி. இருபதுகளில் லண்டனில் வயிற்றுப்பாட்டுக்காகக் குதிரைப் பந்தயப் பத்திரிகைக்குப் படம் போட்டவர். பேடக் லைஃப் என்பது அதன் பெயர். பந்தயம், குத்துச்சண்டை, கூட்டம் என்று வாராவாரம் கறுப்பு மையில் வரைந்து தள்ளினார். எண்ணெய் வண்ணத்தைத் தீவிரமாகக் கையிலெடுத்தபோது முப்பதுகளின் நடுவைத் தொட்டிருந்தார். ஐம்பதுக்கு மேல்தான் அவருடைய பெரிய படங்கள் வந்தன. அவற்றில் ஒன்று, 1923-இல் தீட்டிய லிஃபி நீச்சல். டப்ளின் நகரத்தின் நடுவே ஓடும் லிஃபி ஆற்றில் ஆண்டுதோறும் நடக்கும் பந்தயம். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்ஸில் அந்தப் படத்துக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. அப்போது யேட்ஸுக்கு வயது 52. சுதந்திர அயர்லாந்துக்கு ஒலிம்பிக்ஸில் கிடைத்த முதல் பதக்கம் ஓடியோ குதித்தோ வாங்கியது அல்ல, ஓவியத்துக்கு வாங்கியது.

ஆமாம், ஒலிம்பிக்ஸில் ஓவியத்துக்குப் பதக்கம் இருந்தது. 1912 முதல் 1948 வரை ஓவியம், சிற்பம், கட்டடக்கலை, இலக்கியம், இசை ஐந்துக்கும் போட்டி வைத்தார்கள். படைப்பு விளையாட்டைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பது விதி. 1948 லண்டன் ஒலிம்பிக்ஸ் என்றால் நமக்கு வெம்பிளியில் பிரிட்டனை 4–0 என்று இந்தியா ஹாக்கியில் வென்ற ஆகஸ்ட் 12 நினைவுக்கு வரும். அதே லண்டனில் ஜான் காப்ளி என்ற 73 வயதுக்காரர், போலோ ஆட்டக்காரர்களைச் செதுக்கோவியமாக்கி வெள்ளி வாங்கினார். ஒலிம்பிக்ஸ் வரலாற்றில் பதக்கம் வாங்கியவர்களில் அவரைவிட வயதானவர் இல்லை. இத்தனை வருடம் ஒலிம்பிக்ஸ் பதக்கப் பட்டியலைத் தூக்கத்திலும் ஒப்பித்த நாம் இந்த ஒரு பெயரை எழுதியதே இல்லை.

லிஃபி நீச்சலுக்குத் திரும்புகிறேன். அந்தப் படத்தில் நீச்சல்காரர்கள் கீழே, தூரத்தில், சின்னதாகத்தான் இருக்கிறார்கள். படத்தின் முன்பகுதி முழுவதும் கரையோரச் சுவரின் மேல் எட்டிப் பார்க்கிற மக்கள். தொப்பிகள், தோள்கள், முதுகுகள். ஆட்டத்தை அதைப் பார்க்கிறவர்களின் முதுகு வழியாகச் சொல்லிவிட்டார் யேட்ஸ். இதை முதன்முதலில் ஓர் அச்சுப் பிரதியில் பார்த்தபோது எனக்குச் சேப்பாக்கம் ஞாபகம் வந்தது.

1999 ஜனவரி 31. 271 ரன் துரத்திய இந்தியா 258-இல் ஆட்டமிழந்தது. முதுகு வலியோடு டெண்டுல்கர் அடித்த 136 வீணாகி, 12 ரன்னில் பாகிஸ்தான் ஜெயித்தது. சில நிமிடம் மைதானமே வாயடைத்துப் போனது. பிறகு மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கைதட்டியது. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். அழுதுகொண்டே கைதட்டியவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அதைப் பற்றிப் பத்திகள் வந்தன, புகைப்படங்கள் வந்தன, இன்றும் பேசுகிறோம். ஆனால் அந்தக் கைதட்டலை ஓர் ஓவியமாக நான் எங்கும் பார்த்ததில்லை. அந்த ஸ்டாண்டின் முதுகுப் பக்கத்தை, ஒருவர் எழ, அவரைப் பார்த்து அடுத்தவர் எழுந்த அந்த அலையை வரையக்கூடியவர் யார்? அன்றைக்குப் பிரஸ் பாக்ஸில் உட்கார்ந்திருந்த நீங்கள்தான்.

அதற்கும் முன்னால், அதே சேப்பாக்கத்தில், 1986 செப்டம்பர் 22. டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது டை. 348 வேண்டிய இடத்தில் 347. கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் மனீந்தர் சிங் எல்பிடபிள்யூ. நடுவர் விக்ரம்ராஜுவின் உயர்ந்த விரலைப் பற்றி நாற்பது வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறோம். எதிர்முனையில் 48 ரன்னோடு நின்றிருந்த ரவி சாஸ்திரி அந்த விரலைப் பார்த்த நொடியில் எப்படி நின்றார்? மட்டை தரையில் ஊன்றியிருந்ததா, தொங்கியதா? அந்தப் புரட்டாசி வெயிலில் ஆடுகளத்தின் நிறம் என்னவாக இருந்தது? உங்களில் மூத்தவர்கள் இரண்டு மூன்று பேருக்கு இது தெரியும். எழுதச் சொன்னால் நூறு தடவை எழுதிய வரியையே எழுதுவீர்கள். வரையச் சொன்னால், கை ஒவ்வொரு இடத்திலும் நின்று கேட்கும்: இந்தக் கை எங்கே இருந்தது? தொப்பி இருந்ததா? அப்போதுதான் நினைவு திறக்கும். வரையத் தொடங்கியதிலிருந்து எனக்கு இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. எழுத்துக்கு வராத பலவற்றைப் பென்சில் தோண்டி எடுத்திருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் ஆர்தர் மெய்லியையும் சொல்லாமல் விட மனமில்லை. கூலி வேலை பார்த்து, கண்ணாடி ஊதும் தொழில் செய்து, லெக் ஸ்பின்னராகி, 1921-இல் மெல்போர்னில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 121 ரன்னுக்கு 9 விக்கெட் எடுத்தவர். ஆடவர் டெஸ்டில் ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர் எவரும் அந்தக் கணக்கை இன்னும் தாண்டவில்லை. ஆட்டம் முடிந்த வாழ்க்கையில் அவர் நிருபர், கேலிச்சித்திரக்காரர், அதற்கும் மேல் எண்ணெய் வண்ணத்தில் நிலக்காட்சி வரைகிறவர். லண்டனில் அவர் வைத்த கண்காட்சிக்கு வந்த ராணி மேரி, ஒரு படத்தில் சூரியன் சரியாக வரவில்லை என்றாராம். உங்கள் ஊரில் சூரியனை நினைவிலிருந்துதான் வரைய வேண்டியிருக்கிறது என்று மெய்லி பதில் சொன்னதாகக் கிரிக்கெட் உலகில் ஒரு கதை உண்டு. நம் ஊரில் அந்தப் பிரச்சினை இல்லை.

நம் சென்னையிலேயே என்.எஸ். ராமசாமி இருந்தார். இந்தியன் எக்ஸ்பிரஸில் கிரிக்கெட் எழுதிய அதே பேனாவால் மாமல்லபுரத்தைப் பற்றியும் அமராவதியைப் பற்றியும் புத்தகம் எழுதினார். ஆடுகளத்தைப் பார்த்த கண்ணுக்குச் சிற்பத்தின் முன் நின்று பார்க்கத் தெரியும் என்பதற்கு அவரே சாட்சி. அவர் எழுத்தோடு நின்றார். நீங்கள் அடுத்த அடியை வையுங்கள்.

இதற்கு நீங்கள் சொல்லக்கூடிய மறுப்பு ஒன்று எனக்குத் தெரியும். போட்டோகிராபர்கள் இருக்கிறார்களே, நொடிக்கு எத்தனையோ பிரேம் எடுக்கிறார்களே, நாம் எதற்குக் கோடு கிழிக்க வேண்டும்? நம் போட்டோகிராபர் நண்பர்களின் வேலை மேல் எனக்கு மிகுந்த மரியாதை. ஆனால் இந்தக் கேள்விக்கு 150 வருடத்துக் கதை இருக்கிறது. 1821-இல் பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ எப்சம் குதிரைப் பந்தயத்தை வரைந்தார். குதிரைகள் முன்னங்கால் இரண்டும் முன்னே, பின்னங்கால் இரண்டும் பின்னே நீட்டிப் பறக்கும். 1878-இல் மைப்ரிட்ஜ் கலிபோர்னியாவில் வரிசையாகக் கேமராக்களை நிறுத்தி ஓடும் குதிரையைப் படம் பிடித்தார். நான்கு காலும் தரையை விட்டு எழும் நேரத்தில் கால்கள் வயிற்றுக்கடியில் மடிந்திருக்கின்றன, நீட்டியிருக்கவில்லை என்று தெரிந்தது. ஓவியர்கள் இத்தனை காலம் தவறாக வரைந்திருக்கிறார்கள் என்றார்கள். சிற்பி ரொதான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கேமரா காலத்தை அறுத்து ஒரு துண்டைக் காட்டுகிறது, காலம் அப்படி நிற்பதில்லை, ஓடுகிற உணர்வை ஜெரிக்கோதான் சரியாகப் பிடித்தார் என்று வாதிட்டார். நான் ரொதான் கட்சி. ஒரு கவர் டிரைவை நீங்கள் முழுதாகப் பார்க்கிறீர்கள், மட்டை தூக்கியதிலிருந்து பந்து எல்லைக் கோட்டைத் தொடும் வரை. அந்த முழு நேரத்தையும் ஒரே கோட்டில் வைக்க ஓவியத்தால் முடியும். அதற்குத் தேவை அதை ஆயிரக்கணக்கில் பார்த்த கண்.

வயதாகிவிட்டது, சொல்லித்தர ஆள் இல்லை என்பது அடுத்த மறுப்பு. இதில் அதிகம் தங்க மாட்டேன். பாரிஸில் சுங்கச் சாவடியில் வரி வசூலித்த ஹென்றி ரூசோ 49 வயதில் வேலையை விட்டு முழு நேரமாக வரைந்தார். தானாகக் கற்றவர். 1908-இல், 64 வயதில், அவர் தீட்டிய கால்பந்து வீரர்கள் என்ற படத்தில் கோடு போட்ட உடையில் மீசை வைத்த நான்கு பேர், கால் தரையில் பாவாமல் கிட்டத்தட்ட நடனமாடுகிறார்கள். உடற்கூற்றுப்படி அதில் பிழை கண்டுபிடிக்கலாம். நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகம் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறது. ரவீந்திரநாத் தாகூர் கையெழுத்துப் பிரதியில் அடித்த வரிகளை ஒன்றோடொன்று இணைத்து உருவங்களாக்கத் தொடங்கியபோது அறுபதைத் தாண்டியிருந்தார். 1930 மே மாதம் பாரிஸில் முதல் கண்காட்சி வைத்தபோது வயது எழுபதை நெருங்கியிருந்தது. அடித்தல் திருத்தலில் நம்மை மிஞ்சியவர் யார்? நம் ஊருக்கே வருவோம். அச்சுதன் கூடல்லூர் தமிழ்நாடு பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்தவர். வேலை முடிந்து மாலையில் மெட்ராஸ் ஆர்ட் கிளப்புக்குப் போய்ப் பழகிப் பழகி, 1988-இல் லலித் கலா அகாதெமியின் தேசிய விருது வாங்கினார். 2022-இல் மறையும் வரை வண்ணத்தை விடவில்லை. அரசு கோப்புகளுக்கு நடுவில் அவரால் முடிந்தது.

எப்படித் தொடங்குவது என்று கேட்டால், மாமல்லபுரத்துக்குப் போங்கள் என்பேன். தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியே போய்ச் சேரலாம். கடற்கரைக் கோயிலையும் கல் ரதங்களையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். குன்றின் மேல் கலங்கரை விளக்கத்தின் பக்கத்தில் மகிஷாசுரமர்த்தினி குகை இருக்கிறது. உள்ளே ஒரு சுவரில் துர்க்கை சிங்கத்தின் மேல் அமர்ந்து வில்லை இழுத்தபடி முன்னேறுகிறாள். எதிரே எருமைத் தலையோடு மகிஷன். கையில் கதாயுதம் இருக்கிறது, ஆள் பெரிய உருவம், இன்னும் விழவில்லை. ஆனால் அவன் உடம்பு பின்னால் சாய்ந்துவிட்டது. எடை பின்னங்காலுக்குப் போய்விட்டது. பார்த்த மாத்திரத்தில் உங்களுக்குத் தெரியும், இந்த ஆட்டம் முடிந்துவிட்டது என்று. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி செதுக்கியது கொன்ற காட்சியை அல்ல. தோல்வி உடம்புக்குள் நுழைந்து, ஆளுக்கு இன்னும் தெரியாத அந்த நொடியைச் செதுக்கியிருக்கிறான். நாம் எத்தனை ஐந்தாவது செட்டில், எத்தனை டைபிரேக்கரில் இதே சாய்வைப் பார்த்திருக்கிறோம்!

அப்படியே திரும்பி எதிர்ச் சுவரைப் பாருங்கள். பாம்பணையில் விஷ்ணு படுத்திருக்கிறார். எந்தத் தசையிலும் இறுக்கம் இல்லை. ஒரு பக்கம் முழு வேகம், மறுபக்கம் முழு ஓய்வு, நடுவில் நீங்கள். வண்ணம் வேண்டாம், முகம் வேண்டாம், நகை வேண்டாம். துர்க்கையின் முதுகெலும்புக்கு ஒரு கோடு, மகிஷனுக்கு ஒரு கோடு. இரண்டும் எப்படிச் சாய்கின்றன என்று மட்டும் வரையுங்கள். அந்த இரண்டு கோடு சரியாக விழுந்துவிட்டால் கபடி, ஹாக்கி, மல்யுத்தம் எதையும் வரையலாம். பல உருவங்களை வரைந்து பார்த்த பிறகு எனக்குப் பிடிபட்டது இது ஒன்றுதான்: முதல் கோடு எலும்புக்கு, தோலுக்கு அல்ல.

பொருள்களைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு 4பி பென்சில், ஒரு 6பி பென்சில், கோடு போடாத நோட்டு. நிருபர் நோட்டு அளவே போதும், கை அதற்குப் பழகியது. விலை உயர்ந்த கேன்வாஸ் இப்போது வேண்டாம். வாங்கினால் அதைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயத்திலேயே கை இறுகிவிடும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய பிரேம்கள் கிடைக்கும், அதுவும் பின்னால். மொபைலில் இருக்கும் போட்டோவைப் பார்த்து வரையாதீர்கள். அது இன்னொருவர் தேர்ந்தெடுத்த நொடி. ஆட்டத்தைப் பாருங்கள், பார்க்கும்போது வரையாதீர்கள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, நினைவில் நிற்பதை மட்டும் வரையுங்கள். ரொதானுக்குச் சிறுவயதில் ஓவியம் கற்பித்த லெகோக் இதைத்தான் முறையாக வைத்திருந்தார், பார்த்ததை மனத்தில் வாங்கி அது இல்லாத இடத்தில் வரையச் செய்வார். ஸ்டேடியத்திலிருந்து அலுவலகம் வரும் பஸ்ஸில் மனத்துக்குள்ளேயே இன்ட்ரோ எழுதியவர்களுக்கு இது புதிதா என்ன? சதுரங்கம் எழுதியவர்கள், ஓட்டமும் பாய்ச்சலும் நமக்கில்லை என்று ஒதுங்க வேண்டாம். 2022-இல் பூஞ்சேரியில் நடந்த ஒலிம்பியாட் அரங்கில் எத்தனை கைகள் எத்தனை நெற்றிகளைத் தாங்கியிருந்தன என்று நினைத்துப் பாருங்கள். அசையாத உடம்பில் நடக்கும் போராட்டத்தை வரைய உங்களைவிட ஆள் இல்லை.

இப்போது, திருமுடிவாக்கத்திலிருந்து இதை எழுதுவதன் காரணத்துக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியம்.

இங்கே சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. வாரம் முழுவதும் ஷிப்ட் பார்க்கிற பையன்கள், தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்திலிருந்தும் வந்தவர்கள், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள், ஞாயிறு காலையில் காலி மனைகளில் டென்னிஸ் பால் ஆடுகிறார்கள். பின்னால் வெளிவட்டச் சாலையில் லாரிகள் ஓடும். தூரத்தில் திருநீர்மலை தெரியும். நைட் ஷிப்ட் முடித்து, தூங்காமல், அதே பேன்ட்டோடு ஓடிவந்து பந்து போடுகிறவன் இருக்கிறான். அவன் ரன் அப்பில் அந்த ராத்திரியின் அசதி இருக்கிறது. நீங்கள் பார்த்தால் உடனே தெரிந்துகொள்வீர்கள். பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் விளக்கு கட்டி ராத்திரி முழுவதும் கபடி நடக்கிறது. மாடியில் சிலம்பம் சுற்றுகிற பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். அடையாற்றங்கரை நெடுக, குன்றத்தூர் மலையடிவாரம் நெடுக இதுதான் நிலவரம். மனைகள் விற்கப்பட, திடல்கள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. சுவர் எழும்பிய பிறகு அங்கே யார் ஆடினார்கள், எப்படி ஆடினார்கள் என்பதற்கு ஒரு தடயமும் மிஞ்சாது.

நாம் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் டிவிஷன் லீக் முடிவுகளுக்கும் பள்ளிகளுக்கிடையேயான போட்டிகளுக்கும் விளையாட்டுப் பக்கத்தில் இடம் இருந்தது. பொடி எழுத்தில் வந்தாலும் பெயர் வந்தது. அந்தத் துண்டை வெட்டி வீட்டில் வைத்திருப்பவர்களை நீங்களும் சந்தித்திருப்பீர்கள். அந்த இடம் சுருங்கிச் சுருங்கி, இந்தப் பையன்கள் வரை வருவதே இல்லை. போனில் வீடியோ எடுக்கிறார்கள், அடுத்த வாரம் மெமரி நிறைந்து அழித்துவிடுகிறார்கள். நம்மால் அவர்களுக்கு ஒரு பத்திச் செய்தி தர முடியாது. ஆனால் ஒரு படம் வரைய முடியும். அவர்களைப் பார்த்து, உடம்பின் மொழி தெரிந்து, பெயர் கேட்டு வரைந்த படம்.

ஒரு தடவை அப்படி வரைந்த தாளை, ஆட்டம் முடிந்து உட்கார்ந்திருந்த ஒரு பந்துவீச்சாளரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "என் கால் இப்படியா சார் விழுது?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். எழுந்து போய்ப் பந்தை வாங்கி, காலை வேறு மாதிரி ஊன்றிப் போட்டுப் பார்த்தான். நான் எழுதிய எந்தக் கட்டுரைக்கும் ஓர் ஆட்டக்காரரிடமிருந்து இப்படியொரு பதில் வந்ததில்லை.

அதனால் கேட்டுக்கொள்கிறேன், வாருங்கள். மழை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஆறரை மணிக்குத் தொழிற்பேட்டைப் பக்கத்துத் திடலில் இருப்பேன். வெயில் ஏறுவதற்குள் இரண்டு ஆட்டம் முடிந்துவிடும். முழங்கால் வலி உள்ளவர்கள் மடக்கு நாற்காலி கொண்டுவாருங்கள். வர முடியாதவர்கள் உங்கள் தெருவிலேயே தொடங்குங்கள், ஷட்டில் ஆடாத தெரு இங்கே கிடையாது. படங்களைக் கொஞ்ச காலத்துக்கு வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். கைதட்டலுக்காக வரையும் பழக்கம் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். நம் படங்களை முதலில் பார்க்க வேண்டியவர்கள் அதில் இருக்கிற ஆட்டக்காரர்கள். கொஞ்சம் சேர்ந்த பிறகு, அவர்கள் சம்மதித்தால், அந்தந்தத் திடலிலேயே கயிறு கட்டிக் கிளிப் போட்டு மாட்டுவோம்.

ஒவ்வொரு தாளின் அடியிலும் தேதி, திடல், ஆடியவர்களின் பெயர், ஸ்கோர் நான்கையும் எழுதிவிடுங்கள். பெயரில் எழுத்துப் பிழை வராமல் அவர்களிடமே கேட்டுச் சரிபாருங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்
திருமுடிவாக்கம்